தையல் தொழிலுக்கு மொத்தத் துணி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

பருத்தி எடுப்பு முடிந்து, மானாவாரி நிலங்கள் அடுத்த மழைக்காகக் காத்துக் கிடக்கும் மாதங்களில் பல விவசாயக் குடும்பங்கள் தையல் தொழிலில் ஈடுபடுகின்றன. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டக் கிராமங்களில் இரண்டு மூன்று தையல் இயந்திரங்கள் ஓடும் வீடுகள் புதுமையல்ல. பள்ளிச் சீருடை, உள்பாவாடை, நைட்டி, சிறுவர் உடை என ஆளுக்கொரு சரக்கு தைக்கிறார்கள். தைக்கும் திறமை நம் பெண்களிடம் நிறைய இருக்கிறது. ஆனால் நட்டம் வருவது பெரும்பாலும் தையலில் அல்ல, துணி வாங்குவதில்தான்.

காரணம் எளிது. ஓர் ஆயத்த ஆடையின் அடக்க விலையில் பாதிக்கு மேல் துணிக்கே போய்விடுகிறது. நூல், பொத்தான், மின்சாரம், கூலி எல்லாம் அதற்குப் பிறகுதான். தையலில் ஒரு சட்டை கெட்டால் ஒரு சட்டையோடு போயிற்று. துணியில் தவறினால் தைத்த அத்தனையும் கெடும். பருத்தி விற்ற பணத்தையோ, மகளிர் குழுவில் வாங்கிய கடனையோ போட்டுத் துணி எடுக்கும் குடும்பத்திற்கு இது ஓராண்டு உழைப்பைப் பாதிக்கும் விஷயமாகும்.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு நீங்கள் பருத்தியைக் கொண்டு செல்லும்போது வியாபாரி என்ன செய்கிறார் என்பதைப் பார்த்திருப்பீர்கள். மூட்டைக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுக்கிறார். இழையை இழுத்துப் பார்க்கிறார். ஈரம், கொட்டுப் பருத்தி, தூசி எல்லாவற்றையும் கணக்கிட்ட பிறகே விலை சொல்கிறார். துணி வாங்கப் போகும் நீங்கள் இப்போது அவர் இடத்தில் நிற்கிறீர்கள். அதே கண்டிப்பு உங்களுக்கும் வேண்டும்.

எங்கே எது கிடைக்கும்?

ஈரோட்டில் கனி மார்க்கெட்டின் வாராந்திர ஜவுளிச் சந்தை திங்கள் மாலை தொடங்கி செவ்வாய் வரை நடைபெறுகிறது. லுங்கி, துண்டு, பாவாடைத் துணி, ரேயான், சீருடைத் துணி, சிறுவர் உடை எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கலாம். முதன்முறை செல்பவர் வாங்காமல் ஒரு வாரம் சுற்றிப் பார்த்துவிட்டு வருவது நலம். ஒரே துணிக்கு நான்கு கடைகளில் நான்கு விலை கேட்டால் சந்தையின் போக்கு புரிந்துவிடும்.

சோமனூர், பல்லடம் பகுதிகளில் விசைத்தறிகள் காடாத் துணி நெய்கின்றன. காடா என்பது வெளுக்காத, சாயமிடாத துணி. தறிக்காரர்களில் மிகப் பலர் கூலிக்கு நெய்பவர்கள். பாவும் ஊடை நூலும் கொடுத்து நெய்து வாங்கிக்கொள்பவர் ஜவுளி உற்பத்தியாளர். ஆகவே தறியில் ஓடும் துணியைத் தறிக்காரரிடமே விலை பேச முடியும் என்று எண்ணிச் செல்ல வேண்டாம். சிறிய தையல் கூடம் காடா வாங்கி, தானே சாயப்பட்டறைக்கு அனுப்புவதையும் நாம் பரிந்துரைப்பதில்லை. பட்டறைகள் சிறு அளவை எடுப்பதில்லை. எடுத்தாலும் பதனிட்டு வரும்போது நீளமும் அகலமும் மாறியிருக்கும். அந்தக் கணக்கு பழகியவர்களுக்கே சரிப்படும்.

பனியன் துணிக்குத் திருப்பூரை விட்டால் வேறு இடம் தேடத் தேவையில்லை. அங்குள்ள காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மீந்த சரக்கும் செகண்ட்ஸ் எனப்படும் குறைச் சரக்கும் மொத்தமாகக் கிடைக்கின்றன. போர்வை, படுக்கை விரிப்புக்குச் சென்னிமலையும், வீட்டு உபயோகத் துணிகளுக்குக் கரூரும் பெயர் பெற்றவை. ராஜபாளையம் அருகே சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத் துணி நெய்யப்படுகிறது. கைத்தறித் துணி என்று சொல்லி விற்க நினைப்பவர்கள் கைத்தறி முத்திரை உள்ள துணியைக் கூட்டுறவுச் சங்கங்களில் வாங்குவது பாதுகாப்பானது. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவதோடு சட்டச் சிக்கலிலும் கொண்டு விடும். 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி சில துணி வகைகள் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளன.

வியாபாரியின் மொழி

கடையில் துணியைப் பற்றிக் கேட்டால் “அறுபதுக்கு அறுபது, தொண்ணூற்றிரண்டுக்கு எண்பத்தெட்டு” என்பார்கள். இது புரியாமல் தலையசைத்தால் அடுத்த விலை உங்களுக்குத் தனியாக வரும். இதில் முதல் இரண்டு எண்கள் பாவு நூலின் நம்பரும் ஊடை நூலின் நம்பரும் ஆகும். அடுத்த இரண்டும் ஓர் அங்குலத்தில் எத்தனை பாவு இழை, எத்தனை ஊடை இழை என்பதைக் காட்டுகின்றன.

நூல் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை என்பதாகும். 40-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கெஜ நூல். எனவே நம்பர் கூடக் கூட நூல் சன்னமாகும். சன்ன நூலுக்கு நீண்ட இழைப் பருத்தி தேவை. 1968-இல் கோவையில் வெளியிடப்பட்ட எம்.சி.யு. 5, 1974-இல் வந்த சுவின் ஆகிய இரகங்கள் ஆலைகளால் விரும்பப்பட்டதற்கு இதுவே காரணம். நம் தென்மாவட்டக் கரிசலின் கருங்கண்ணி குட்டை இழையுடையது. அது தடித்த நூலுக்கே ஏற்றது. உங்கள் வயலில் விளைந்த பருத்திக்குக் கிடைத்த விலையும், கடையில் நீங்கள் தொட்டுப் பார்க்கும் துணியின் விலையும் இந்த ஒரு கணக்கில்தான் இணைகின்றன.

இழைகளை எண்ணிப் பார்க்க ஜவுளிக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் சிறு மடக்குக் கண்ணாடி போதும். ஓர் அங்குலச் சதுரத்தின் மேல் வைத்து ஊசி முனையால் எண்ணலாம். சொன்ன எண்ணிக்கைக்கு ஐந்தாறு இழை குறைவு என்றால் துணி நெகிழ்வாக நெய்யப்பட்டுள்ளது என்று பொருள். அப்படிப்பட்ட துணி தையல் ஓரத்தில் பிரிந்து வரும். பள்ளிச் சிறுவர்களின் கால்சட்டைகள் பின்பக்கத் தையலில் கிழிவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எடை தெரிந்தால் பாதித் துணி தெரிந்தது

துணியின் கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று சொல்வார்கள். இதையே ஜி.எஸ்.எம். என்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. பத்து சென்டிமீட்டர் நீளமும் பத்து சென்டிமீட்டர் அகலமும் உள்ள துண்டைச் சரியாக வெட்டி, நகைக்கடைத் தராசில் எடை போடுங்கள். வரும் கிராமை 100-ஆல் பெருக்கினால் விடை. 1.2 கிராம் வந்தால் 120 ஜி.எஸ்.எம். ஒரே துண்டை நம்பாமல் துணியின் மூன்று இடங்களில் வெட்டிச் சராசரி எடுப்பது நன்று. கரையோரத்தில் வெட்டக் கூடாது.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நெய்த துணி மீட்டர் கணக்கில் விற்கப்படுகிறது. பின்னிய பனியன் துணியோ கிலோ கணக்கில் விற்கப்படுகிறது. மீட்டர் கணக்கில் வாங்கும்போது சொன்னதை விட எடை குறைந்தால் உங்களுக்கு நட்டம். துணி மெலிந்து வரும். கிலோ கணக்கில் வாங்கும்போது எடை கூடினால் நட்டம். துணியின் நீளம் குறைந்துவிடும்.

இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. எடுத்துக்காட்டாக, 160 ஜி.எஸ்.எம். என்று பேசி, 72 அங்குல அகலத்தில், அதாவது 1.83 மீட்டரில், பனியன் துணி வாங்குகிறீர்கள். ஒரு கிலோவில் சுமார் 3.41 மீட்டர் வர வேண்டும். வந்த துணி 180 ஜி.எஸ்.எம். என்றால் கிலோவுக்கு 3.04 மீட்டர்தான் வரும். தடிமனான துணி கிடைத்தது என்று மகிழலாம். ஆனால் 100 சட்டை வெட்டக் கணக்கிட்ட துணியில் 89 சட்டைதான் வெட்ட முடியும். மீதி 11 சட்டைக்கான துணியை உங்கள் இலாபத்திலிருந்து வாங்க வேண்டியிருக்கும். பேசிய எடையில் 5 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வாங்கும் முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

ஈரமும் எடையே. இயல்பான நிலையில் பருத்தி தன் உலர் எடையில் 8.5 சதவீத அளவு ஈரத்தைத் தன்னுள் வைத்திருக்கும். கம்பளி சுமார் 16 சதவீதம் வைத்திருக்கும். அடைமழை நாளில் திறந்த கிடங்கில் கிடந்த சரக்கைக் கிலோ கணக்கில் வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்து விலை கொடுப்பீர்கள். பருத்தி மூட்டையின் ஈரத்துக்கு வியாபாரி உங்களிடம் பிடித்தம் செய்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

மொத்தத் துணியை எடுக்கும் முன் ஒரு மீட்டர் மாதிரி வாங்குங்கள். அதை இரண்டாக வெட்டி, ஒரு பாதியில் கடைக்காரரின் கையொப்பமும் தேதியும் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் வரும் சரக்கு இதனோடு ஒத்துப்போக வேண்டும். மற்றொரு பாதியில்தான் சோதனைகள்.

முதலில் சுருக்கம். துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை அழியாத மையால் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் வழக்கமாகத் துவைப்பது போலவே சோப்பிட்டுத் துவைத்து, நிழலில் உலர்த்தி, தேய்த்து அளந்து பாருங்கள். பாவு வாட்டத்தில் 47.5 சென்டிமீட்டர் இருந்தால் சுருக்கம் 5 சதவீதம். மூன்று முறை துவைத்து அளப்பது இன்னும் நல்லது. சில துணிகள் முதல் துவைப்பில் பாதியும் அடுத்த துவைப்புகளில் மீதியும் சுருங்கும். 60 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறுவன் சட்டை 6 சதவீதம் சுருங்கினால் 56.4 சென்டிமீட்டராகிவிடும். ஜூனில் வாங்கிய சீருடை ஆகஸ்டில் இடுப்புக்கு மேலே ஏறினால் அடுத்த ஆண்டு அந்தப் பள்ளி உங்களைத் தேடி வராது. சுருக்கம் இருக்கிறது என்பதற்காகத் துணியை ஒதுக்கத் தேவையில்லை. வெட்டும் முன் நனைத்து உலர்த்திக்கொள்ளலாம், அல்லது அச்சுத்தாளில் அந்த அளவைச் சேர்த்துக்கொள்ளலாம். எவ்வளவு என்று தெரிந்திருப்பதுதான் முக்கியம். சான்ஃபரைஸ் செய்த துணி என்றால் ஆலையிலேயே சுருக்கி அனுப்பியது. அதையும் ஒருமுறை நனைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

அடுத்தது சாயம். வெள்ளைத் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து, வண்ணத் துணியின் மேல் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். உலர்ந்த வெள்ளைத் துணியாலும் அதேபோல் தேயுங்கள். கருநீலம், மெரூன், கறுப்பு ஆகியவற்றில் சிறிது ஏறுவது வழக்கம். கைக்குட்டையே நிறம் மாறினால் அந்தச் சரக்கை விட்டுவிடுங்கள். வெள்ளைச் சட்டையும் கருநீலக் கால்சட்டையும் ஒரே வாளியில் ஊறப் போகின்றன என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவது கஞ்சி. மெலிந்த துணிக்குக் கனம் காட்ட மாவுக் கஞ்சி ஏற்றுவது பழைய வழக்கம். துணியை இரு கைகளாலும் கசக்கினால் வெள்ளைத் தூள் உதிரும். மருந்துக் கடையில் கிடைக்கும் அயோடின் திரவத்தில் ஒரு சொட்டு விட்டால் கஞ்சி இருக்கும் இடம் கருநீலமாகும். மாதிரியைத் துவைக்கும் முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்தால் எவ்வளவு கஞ்சிக்கு நீங்கள் காசு கொடுக்கிறீர்கள் என்பதே தெரிந்துவிடும்.

நூறு சதவீதம் பருத்தி என்று சொன்னால் நான்கைந்து இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, விளக்கில் காட்டுங்கள். பருத்தி காகிதம் போல் எரிந்து மிருதுவான சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டி, ஆறிய பின் கடினமான மணியாக நிற்கும். கலப்புத் துணி இரண்டையும் காட்டும். ஊடை, பாவு இரண்டிலிருந்தும் இழை எடுக்க வேண்டும். ஒன்றில் பருத்தியும் மற்றொன்றில் பாலியெஸ்டரும் ஓடும் துணிகள் உண்டு. இச்சோதனையைத் துணிக் கிடங்கிலிருந்து தள்ளி, தண்ணீர் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யவும். பாலியெஸ்டர் கலந்த துணி கெட்ட துணி என்று நாம் சொல்லவில்லை. சீருடைக்கு அது நீடித்து உழைக்கும், எளிதில் உலரும். பருத்தி விலையில் அதை வாங்குவதுதான் தவறு.

குறைகளை எண்ணுவது

முறிந்த இழை, முடிச்சு, எண்ணெய்க் கறை, ஊடை விட்டுப்போன பட்டை ஆகியன துணியில் வரும் குறைகள். ஏற்றுமதிக் கூடங்களில் நான்கு புள்ளி முறை என்ற ஒன்றைக் கையாள்கிறார்கள். இதை நாமும் கையாளலாம். மூன்று அங்குலம் வரை உள்ள குறைக்கு 1 புள்ளி, ஆறு அங்குலம் வரை 2, ஒன்பது அங்குலம் வரை 3, அதற்கு மேல் 4. ஒரு நூறு சதுர கெஜத்தில் 40 புள்ளிக்கு மேல் போனால் பொதுவாக அந்தத் துணியை ஏற்பதில்லை.

58 அங்குல அகலத்தில் 100 மீட்டர் துணி ஏறத்தாழ 176 சதுர கெஜமாகும். அதில் 50 புள்ளிகள் எண்ணினால் நூறு சதுர கெஜத்துக்கு 28 புள்ளி. எடுத்துக்கொள்ளலாம். வெளிச்சம் படும் திண்ணையில் இருவர் துணியைப் பிடித்து மெதுவாக இழுத்தால் ஒரு காலைப் பொழுதில் பார்த்துவிடலாம். குறை உள்ள இடத்தில் கரையோரமாக ஒரு வண்ண நூலைக் கட்டிவிட்டால் வெட்டுபவர் அதைத் தவிர்த்துக்கொள்வார்.

நீளத்தையும் சரிபார்க்க வேண்டும். மடித்துக் கட்டிய துணியில் ஒரு மடிப்பு ஒரு மீட்டர் என்று எண்ணி விற்பார்கள். மடிப்பை அளந்து பாருங்கள். 98 சென்டிமீட்டர்தான் இருந்தால், 600 மீட்டர் என்று வாங்கிய சரக்கில் 12 மீட்டர் வரவே இல்லை. அகலத்தில் இரு கரைகளையும் விட்டு நடுவில் பயன்படும் அளவே கணக்கு.

நிறத்தில் இன்னொரு தொல்லை உண்டு. ஒரே வண்ணமானாலும் வெவ்வேறு நாள் சாயமேறிய துணிகள் வெயிலில் வேறுபட்டுத் தெரியும். ஒரு சட்டையின் உடலும் கையும் இரண்டு சாய லாட்டிலிருந்து வெட்டப்பட்டால் அதை விற்க இயலாது. ஓர் ஆர்டருக்கு வேண்டிய துணி முழுவதையும் ஒரே லாட்டில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் லாட் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டித் தனித்தனியே வெட்டுங்கள்.

சாயம் எங்கே போகிறது?

விவசாயிகளாகிய நமக்கு ஒரு கேள்வி கூடுதலாக உண்டு. இந்தத் துணி எங்கே சாயமேற்றப்பட்டது?

பருத்திக்கு இன்று பெரும்பாலும் ரியாக்டிவ் சாயங்களையே பயன்படுத்துகிறார்கள். இச்சாயம் நூலில் பிடிக்க உப்பு வேண்டும். அடர்ந்த நிறத்துக்கு ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்குப் பத்துக் கணக்கான கிராம் உப்பு சேர்க்கப்படுகிறது. சாயம் துணியோடு போய்விடும், உப்பு தண்ணீரோடு தங்கிவிடும். அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் விட்டதன் விளைவை நொய்யல் பாசனப் பகுதி கண்டது. 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கியது. அணைத் தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. கிணறுகள் உவர்த்தன. உப்பு மண்ணில் களிமண் துகள்கள் சிதைந்து, நிலம் இறுகி, நீர் இறங்காமற் போவதை மண் பரிசோதனை செய்தவர்கள் அறிவார்கள். தென்னையும் வாழையும் அத்தகைய தண்ணீரில் தேறுவதில்லை. விவசாயிகள் தொடர்ந்து வழக்காடினார்கள். கழிவு நீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எட்டும் வரை திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீரமைத்த பிறகே பட்டறைகள் படிப்படியாக இயங்கத் தொடங்கின.

சுத்திகரிப்புக்குச் செலவாகும். அந்தச் செலவு துணி விலையில் இருக்கும். ஆகவே அனுமதியில்லாமல் எங்கோ ஓடைக்கரையில் சாயமேற்றிய துணி மீட்டருக்குச் சில ரூபாய் மலிவாகக் கிடைக்கலாம். அந்த மலிவுக்கான விலையை வேறொரு விவசாயி தன் கிணற்றில் கொடுத்துக்கொண்டிருப்பார். பட்டறையின் பெயரையும், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உண்டா என்பதையும் கடைக்காரரிடம் கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்லத் தயங்குபவரிடம் சாயம் ஒட்டாத துணியும் இருக்க வாய்ப்புண்டு. அவசரச் சாயத்தில் அலசலும் அரைகுறையாகவே நடக்கும்.

பணமும் ரசீதும்

ரொக்க விலை, கடன் விலை என இரண்டு உண்டு. முப்பது நாள், அறுபது நாள் கடன் கொடுப்பவர் வட்டியை விலையிலேயே ஏற்றிவிடுவார். இரண்டு விலையையும் கேட்டு, வித்தியாசத்தை மாத வட்டியாகக் கணக்கிட்டுப் பாருங்கள். மீட்டருக்கு 100 ரூபாய் ரொக்கம், இரண்டு மாதக் கடனுக்கு 106 ரூபாய் என்றால் மாதம் 3 வட்டி. கூட்டுறவுக் கடன் இதைவிட மலிவாகவே இருக்கும்.

துணிக்கு முப்பது நாளில் பணம் கட்ட வேண்டியிருக்க, தைத்த உடைக்குப் பணம் மூன்று மாதம் கழித்து வந்தால் தொழில் நின்றுவிடும். உத்யம் பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்குப் பொருள் வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். பதிவு இலவசம். செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

2017 ஜூலை முதல் துணிக்கு ஜி.எஸ்.டி. உண்டு. பருத்தித் துணிக்கும் கம்பளித் துணிக்கும் இது 5 சதவீதம். தைத்த ஆடைக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதமும் அதற்கு மேல் 18 சதவீதமும் ஆகும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்று, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர் பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் துணிக்குக் கட்டிய வரியை அவர் திரும்பப் பெற முடியாது. அதையும் அடக்க விலையில் சேர்க்க வேண்டும். ரசீது வேண்டாமென்றால் வரி இல்லை என்று கடைக்காரர் சொல்லக்கூடும். துணி கெட்டுப்போய்த் திரும்பக் கொண்டு சென்றால் ரசீது இல்லாதவருக்கு அந்தக் கடையில் அடையாளமும் இல்லை.

சிறு அளவில் வாங்குவோர் ஐந்தாறு பேர் சேர்ந்து வாங்கினால் ஒரே லாட்டில் முழு ரோலும் கிடைக்கும், விலையும் குறையும். மகளிர் குழுக்களுக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் இது ஏற்ற பணி. இதில் ஒரு நிபந்தனை உண்டு. பங்கு பிரிக்கும் முன்பே துணியைச் சோதித்துவிட வேண்டும். பிரித்த பிறகு குறை தெரிந்தால் சண்டை வியாபாரியோடு அல்ல, பக்கத்து வீட்டோடுதான்.

சீருடைத் துணிக்கு மே மாதத்தில் ஓடுவது வீண். பள்ளி திறக்கும் முன் எல்லோரும் அதையே தேடுவதால் நல்ல லாட் போய்விட்டிருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் வாங்கி வைப்பவருக்குத் தேர்ந்தெடுக்க நேரம் உண்டு. பருத்தி விற்ற பணமும் பலர் கையில் அப்போதுதான் இருக்கும்.

கம்பளித் துணி

நம் மாநிலத்தில் கம்பளி உடைக்குத் தேவை குறைவு. ஆயினும் உதகை, கொடைக்கானல் பள்ளிகளின் சீருடைக்குத் தைப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

நம் மேச்சேரி, இராமநாதபுரம் வெள்ளை, சென்னைச் சிவப்பு, வேம்பூர் ஆடுகள் இறைச்சிக்கானவை. அவற்றின் மேல் இருப்பது பெரும்பாலும் முடியே. கோயம்புத்தூர்க் குறும்பை, திருச்சிக் கறுப்பு ஆடுகளின் உரோமம் முரடானது. கம்பளிப் போர்வைக்கு ஆகும், சட்டைத் துணிக்கு ஆகாது. உடைக்கேற்ற சன்ன உரோமம் நீலகிரி ஆட்டில் உண்டு. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய செம்மறி ஆராய்ச்சி மையத்தில் பாரத் மெரினோ இனம் வளர்க்கப்படுகிறது. ஆனால் துணியாக வாங்க வேண்டுமென்றால் லூதியானா, அமிர்தசரஸ் போன்ற வடநாட்டு ஊர்களையே நாட வேண்டும். பானிப்பட்டில் கிடைக்கும் மலிவான கம்பளித் துணிகளில் பெரும்பகுதி பழைய உடைகளைப் பிரித்து மறுபடி நூற்றவை. போர்வைக்குச் சரி, கோட்டுக்குக் கூடாது. இழைகள் அறுந்து குட்டையாகிவிடுவதால் சீக்கிரம் தேயும்.

கடைகளில் கம்பளி என்று விற்கப்படும் ஸ்வெட்டர்களிலும் துணிகளிலும் மிகப் பல அக்ரிலிக் இழையால் ஆனவை. எரித்துப் பார்த்தால் தெரியும். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு மெல்ல எரிந்து, தீயை விலக்கினால் தானே அணையும். கரியை விரலால் பொடியாக்கலாம். அக்ரிலிக் சடசடவென்று எரிந்து உருகிக் கடினமான கறுப்பு முடிச்சாகும். புதுக் கம்பளி மட்டுமே என்பதற்கு 1964 முதல் வழங்கப்படும் வூல்மார்க் முத்திரை ஓர் அடையாளம். சீருடைக்கு அக்ரிலிக் போதும் என்று பள்ளியே ஒப்புக்கொண்டால் அதைத் தைக்கலாம். ரசீதிலும் உடையின் சீட்டிலும் அதையே எழுதுங்கள்.

தொலைதூரச் சரக்கு என்பதால் மாதிரி இல்லாமல் பணம் அனுப்பக் கூடாது. 50,000 ரூபாய்க்கு மேல் வெளிமாநிலத்திலிருந்து வரும் சரக்குக்கு மின்வழிச் சீட்டு வேண்டும். அனுப்புபவர் அதைப் போட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலத்துக்கான சரக்கை அங்குள்ள ஆலைகள் கோடையிலேயே தயாரிக்கத் தொடங்குவதால் அப்போது பேசுவது நல்லது.

கம்பளியைப் பருத்தி போல் வெந்நீரில் போட்டுக் கசக்கினால் இழையின் செதில்கள் ஒன்றோடொன்று சிக்கித் துணி தடித்துச் சுருங்கிவிடும். சுருக்கச் சோதனையை வெதுவெதுப்பான நீரில், மெல்லிய சோப்புக் கரைசலில், தேய்க்காமல் செய்ய வேண்டும். வெட்டும் முன் ஈரத் துணி போட்டு ஆவியில் தேய்த்துக்கொள்வது அவசியம்.

மீந்த கம்பளித் துணியை நெல் மூட்டைகளுள்ள அறையில் வைக்காதீர்கள். அந்துப் பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும். அழுக்கும் வியர்வையும் பட்ட துணியையே அது முதலில் தேடும். துணியை வெயிலில் நன்கு காய வைத்து, ஆறிய பின் இறுக்கமான பாலித்தீன் உறையில் கட்டி, உறைக்குள் துணியில் படாமல் காகிதத்தில் சுற்றிய அந்துருண்டை இரண்டு வைத்துத் தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். மாதம் ஒருமுறை பிரித்துப் பார்க்கவும்.